பம்புக்கு வைத்த பொட்டு

நெயில் பாலிஷ் டீசலில் அழியுமா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. இணையத்தில் தேடினால், அழியும் என்று ஒருவர் சொல்கிறார், அழியவே அழியாது என்று இன்னொருவர் சொல்கிறார். நானே ஒரு ஸ்டீல் தம்ளரின் அடியில் சிவப்பு பாலிஷைத் தடவிக் காயவைத்து, டீசலில் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பிறகு முதலில் கிரீஸ் பூசி, அதன்மேல் பாலிஷ் தடவித் தேய்த்தேன். கிரீஸோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. சரி, இன்ஜினில் அந்த இடத்தில் கிரீஸ் இருந்ததா? அது எப்படித் தெரியும்? எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் சமையலறையில் உட்கார்ந்து தம்ளரின் அடியைத் தேய்ப்பதைப் பார்த்த என் கணவர், ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டார். (அந்தத் தம்ளரில் எங்கள் வீட்டில் இப்போது யாரும் காப்பி குடிப்பதில்லை.)

என் கணவர் சேகரிடம் ஒரு தண்ணீர் டேங்கர் லாரி இருக்கிறது. வயதான லாரி. அவருக்கு முன்னால் அதற்கு எத்தனை முதலாளிகள் என்பது அதற்கே நினைவிருக்காது. பெங்களூரில் கோடை வந்தால் தங்கத்தைவிடத் தண்ணீர் டேங்கருக்குத்தான் மதிப்பு. ஆனால் எங்களுக்கு வந்ததெல்லாம் உதிரி வேலைகள். ஒரு நாள் கல்யாண மண்டபம், அடுத்த மூன்று நாள் ஒன்றுமில்லை.

நான் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். யாழினி பிறந்ததும் வேலையை விட்டேன். விட்டதிலிருந்து எனக்கு இரண்டே வேலைகள்: குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, தொட்டது சரியாகத் தொட்டோமா என்று மறுபடி தொட்டுப் பார்ப்பது. அந்த நிலையில்தான் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் ரேணுகா மேடத்துக்கு நானாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தண்ணீரின் தரச் சான்று, நேரத்துக்கு வரும் உறுதி என்று எல்லாம் போட்டு, அனுப்புவதற்கு முன்னால் பலமுறை படித்து, அனுப்பிய பிறகும் படித்து. ஒருநாள் அவரே அழைத்தார். தினமும் எங்கள் தண்ணீர்தான் என்று முடிவானது.

அந்த ஆர்டரை நான் வாங்கினேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த ஆர்டர் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலை சேகர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல் இட்லி சாப்பிட வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினால் லாரி இருமியது, தும்மியது, அடங்கிவிட்டது. அடியில் டீசல் ஒழுகியது.

மெக்கானிக் ஜோசப் அண்ணன் விவேக் நகரிலிருந்து வந்தார். தன் கைமேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு என் கடவுளின்மேல்கூடக் கிடையாது. பானெட்டைத் திறந்தார், விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"பம்ப் போச்சு."

"ரிப்பேர் பண்ண முடியாதாண்ணே?" என்றார் சேகர்.

"செத்தவனுக்கு ஊசி போடச் சொல்றியா? மாத்தணும். சிவாஜிநகர் குஜிரிக்குப் போனா கெடைக்கும். சாயங்காலத்துக்குள்ள உக்கார வெச்சிர்றேன், டென்ஷன் ஆவாத."

குஜிரி என்றால் பழைய சாமான் சந்தை. பம்ப் என்று அவர் சொன்னது டீசலை அளந்து, எந்தச் சிலிண்டருக்கு எந்த நொடியில் வேண்டுமோ அந்த நொடியில் பீச்சிக் கொடுக்கும் கருவி. குழந்தைக்கு மருந்து கொடுப்பது மாதிரிதான். அளவும் முக்கியம், நேரமும் முக்கியம். அந்த நேரத்துக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் டைமிங். அது தப்பினால் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும், வண்டி இழுக்காது. ஆகவே பழைய பம்பைக் கழற்றும் முன், அதன் விளிம்பில் இருக்கும் வெட்டுக்கோட்டுக்கு நேராக இன்ஜினில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். புதிய பம்பின் கோட்டை அந்த அடையாளத்துக்கு நேராக வைத்து முடுக்கினால் போதும்.

"மேடம், நெயில் பாலிஷ் இருக்கா? செவப்பு." (படித்தவள் என்பதால் அவருக்கு நான் மேடம். அதை அவர் சொல்லும் விதத்தில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான்.)

"எதுக்குண்ணா?"

"இன்ஜினுக்கு மேக்கப் போடத்தான். மார்க் வைக்கணும் மேடம், குடுங்க."

கொடுத்தேன். அடுப்பில் பால் இருந்தது, உள்ளே ஓடினேன். அவர் பாலிஷ் வைத்தாரா இல்லையா என்பதை நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பழைய பம்ப் கழன்று தரையில் கிடந்தது, இருவரும் குஜிரிக்குக் கிளம்பியிருந்தார்கள். பிற்பகலில் அந்தப் பாட்டிலை யாழினியிடம்தான் கண்டுபிடித்தேன். கால் விரல்கள் அத்தனையும் சிவப்பு. சுவரிலும் கொஞ்சம்.

இதற்கிடையில் ரேணுகா மேடம் அழைத்தார். அவர் கன்னடக்காரர். என்னிடம் மட்டும் பாசமாகத் தமிழை உடைத்துப் பேசுவார்.

"சுதா, மேலே டேங்க் ஃபுல்லா காலி. ஜனம் எல்லாம் என் ஃபிளாட் முன்னாடி நிக்குது. எஷ்டு ஹொத்து ஆகும்?"

எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கென்ன தெரியும்? "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துடும் மேடம், கண்டிப்பா" என்றேன்.

"அஞ்சு தாண்டினா நான் வேற டேங்கர் கூப்பிடணும்மா. அவங்க வந்தா டெய்லி அவங்களே வருவாங்க. புரியுதா?"

புரிந்தது. வாசலில் லாரி நிறையத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. தெருவே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா ஒரு குடத்தோடு வந்து, "சும்மாதானே நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதியம் சேகரும் ஜோசப் அண்ணனும் பம்போடு திரும்பினார்கள். சாக்கில் சுற்றியிருந்த அதைப் படியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவர்கள் போனதும் கமலா அண்ணி வந்தார். சேகரின் அக்கா. அடுத்த வீடு. எங்கள் வீட்டில் குக்கர் விசில் எத்தனை வந்தது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"குஜிரி சாமானா?" என்று சாக்கை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஆமா அண்ணி."

"எந்த வண்டி கவுந்து எடுத்ததோ. எவன் உசுரு போச்சோ. இத அப்படியே நம்ம வண்டில ஏத்தப்போறீங்களா?"

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியிலேர்ந்து எடுத்ததுன்னு சொன்னாங்களாம்."

"கடக்காரன் வேற என்ன சொல்லுவான்? நேத்து அடிபட்டுச் செத்தவன் வண்டிம்பானா? மஞ்சத்தண்ணி தெளிச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு ஏத்தச் சொல்லு. இல்ல, வர்றது வரட்டும். ஒரே பொம்பளப் புள்ளய வேற வெச்சிருக்கீங்க."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அதுவரை இயற்பியல் படித்தவளாக இருந்த நான், அந்தக் கணத்தில் வெறும் அம்மா. டீசல் பம்புக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதற்காகச் செய்யாமலா இருக்க முடியும்? ஆகவே பாதுகாப்பாகச் செய்ய முடிவெடுத்தேன். ஓட்டைகளுக்கு ஏற்கெனவே மூடி போட்டிருந்தது. அதன்மேல் யாழினியின் பழைய வெள்ளைத்துணியைச் சுற்றினேன். ஈரம் பிழிந்த மஞ்சள் துணியால் வெளிப்புறத்தை மட்டும் ஒற்றி ஒற்றித் துடைத்தேன்.

"பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு" என்றார் அண்ணி. (பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.)

பொட்டும் வைத்தாயிற்று. அதோடு நான் உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் குளிப்பாட்டிய குழந்தையை அழுக்குப் பாயில் யாராவது படுக்க வைப்பார்களா? பம்ப் உட்காரப்போகும் இடத்தை எட்டிப் பார்த்தேன். அந்த லாரியின் எல்லா முதலாளிகளின் அழுக்கும் அங்கே அடை அடையாக இருந்தது. ஒரு துணியை டீசலில் நனைத்துத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். பாத்திரம் தேய்க்கும்போது அடிப்பிடித்த இடம் வெளுக்க வெளுக்க ஒரு வெறி வருமே, அப்படி. இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தத் துணி கறுப்பாக இருந்தது. அதில் சிவப்பு இருந்ததா என்றால், எனக்குத் தெரியாது. பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

"இதுக்கும் ஒண்ணு வெச்சிடவா அண்ணி?"

"ம்" என்றார்.

அந்த 'ம்' என் காதில் விழுந்தது. உலகத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை. அண்ணி காதில்கூட.

பளிச்சென்ற இரும்பில் சின்னதாக, வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

ஜோசப் அண்ணன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். அவருக்காக வேறெங்கோ இன்னொரு லாரி காத்திருந்தது, போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன்.

"அண்ணா, அந்த இடத்த நான் தொடச்சு வெச்சிருக்கேன்."

"அய்யோ, சூப்பர் மேடம். கோயிலு மாதிரி இருக்கு." தலையை உள்ளே விட்டார். "மார்க் எங்க... மார்க்கு... ஆங், இருக்கு, இருக்கு."

"ஒரு தடவ நல்லாப் பாத்துக்கங்கண்ணா."

"மேடம், ஃபிசிக்ஸ நீங்க பாருங்க. இன்ஜின நான் பாக்கறேன்."

பாருங்கள், துடைத்தேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். நல்லாப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். சேகர் பக்கத்திலேயே நின்றார். இந்த உரையாடல் நடந்ததாக இன்று நினைவு வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

டீசல் குழாயிலிருந்து காற்றையெல்லாம் வெளியேற்றி, சாவியைத் திருப்பினார்கள். லாரி ஒரு கனைப்புக் கனைத்துக் கிளம்பியது. தெரு மறைந்துவிட்டது. வெள்ளைப் புகை. எதிர்வீட்டு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது, துணி காய்வதைப் பற்றி.

"புது பம்ப்பு, மொதல்ல பொகையத்தான் பொகையும்" என்றார் ஜோசப் அண்ணன். "ஓட ஓட சரியாப்பூடும்." தன் பைக்கில் ஏறி, புகைக்குள் போய், காணாமல் போனார்.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. யாழினியை அண்ணியிடம் விட்டுவிட்டு நானும் லாரியில் ஏறினேன். ரேணுகா மேடத்திடம் நேரில் பேசி மன்னிப்புக் கேட்கலாம், ஒழுங்கான ஆட்கள் என்று காட்டலாம் என்பது திட்டம். சமதளத்தில் லாரி நகர்ந்தது. நடந்தது என்றும் சொல்லலாம். ஒவ்வொரு சிக்னலிலும் பின்னாலிருந்த பைக் ஓட்டிகள் கன்னடம், தமிழ், உருது என்று எல்லா மொழிகளிலும் எங்கள் குடும்பத்தை விசாரித்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். ஐந்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு மேடு உண்டு. அதிகமில்லை, யாழினி சைக்கிளில் ஏறிவிடும் அளவுதான். அதில் ஏறி வலதுபக்கம் திரும்பினால் தண்ணீர்த் தொட்டி. லாரி பாதி மேடு ஏறி நின்றது. சேகர் ஆக்சிலேட்டரை மிதித்தார். லாரி அலறியதே தவிர, அங்குலம்கூட நகரவில்லை. அப்படியே நின்று புகையைக் கக்கியது. புகைக்குழாய்க்கு நேராகத்தான் கட்டடத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்துக்குக் காற்று போகும் ஜன்னல்கள் இருந்தன என்பது எங்களுக்குத் தெரியாது.

"ஹிந்தே தகொள்ளி! ஹிந்தே!" என்று காவலாளி கத்தினார். பின்னால் எடுக்கச் சொல்கிறார். பின்னால் ஒரு ஆட்டோ, ஒரு கார், ஒரு பள்ளி வேன்.

அப்போது தீ அபாய மணி அடித்தது.

எல்லா மாடிகளிலும் அடித்தது. ஜனங்கள் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். ஒருவர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் மிச்சமிருந்த கடைசி வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தாராம். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வேனிலிருந்து ஒரு குழந்தை, "ஃபயர் இன்ஜின் வந்தாச்சு!" என்று கைதட்டியது.

அதைக் கேட்டுத்தானோ என்னவோ, காவலாளிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அடித்தளத்திலிருந்து புகை வருகிறது, வாசலில் ஒரு லாரித் தண்ணீர் நிற்கிறது. நல்ல மனிதர், கடமை உணர்ச்சி உள்ளவர். லாரியின் பின்பக்கம் ஓடி வால்வைத் திறந்துவிட்டார்.

சேகர் இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து ஓடினார். நானும் ஓடினேன். வால்வு பழையது. திறக்கும், சீக்கிரம் மூடாது. தண்ணீர் மேட்டிலிருந்து சாலைக்குப் பாய்ந்தது. காலையிலிருந்து பல் தேய்க்கத் தண்ணீர் இல்லாதவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று அது போவதைப் பார்த்தார்கள். ஷாம்புக்காரர் மட்டும் முன்னால் போய்க் குனிந்து தலையைக் காட்டினார்.

பாரம் போனதும் லாரி குதூகலமாகிவிட்டது. சேகர் சாவியைத் திருப்பியதும் சிரமமே இல்லாமல் மேடு ஏறி, வலதுபக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அழகாகப் போய் நின்றது. காலியாக. மணி சரியாக ஐந்து. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம்.

ரேணுகா மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் தோளைத் தொட்டு, "மனேகே ஹோகம்மா, வீட்டுக்குப் போ" என்றார். நாங்கள் லாரியைத் திருப்பி வெளியே எடுத்தபோது, எதிரே பளபளவென்று ஒரு புது டேங்கர் வந்தது. அதன் டிரைவர் எங்களுக்கு வழிவிட்டு, நட்பாகக் கையசைத்தார். அவர்தான் இன்றுவரை அங்கே தண்ணீர் ஊற்றுகிறார்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் விசாரணை நடந்தது. ஜோசப் அண்ணன் தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனி சிவந்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னாது இது, குங்குமமா?"

அண்ணி முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்தார்.

"நான் வெச்ச பாலிஷ் எங்க? செவப்பா இருந்துச்சேன்னு நேரா வெச்சு டைட் பண்ணேன். சேகரு, ஒன் வண்டிக்கு டைமிங் வெச்சது நான் இல்லப்பா. மேடம்தான்!"

"நீங்க பாலிஷ் வெச்சீங்களாண்ணா? பாட்டில் என் பொண்ணுகிட்ட இருந்துச்சே."

"வெச்சிட்டுத்தானே பாப்பாகிட்ட குடுத்தேன்."

"பாலிஷ் கோடா இருக்கும். பொட்டு உருண்டையா இருக்கும். உங்களுக்கு வித்தியாசம் தெரியலயா?"

"நான் இன்ஜின்ல பொட்டு இருக்கும்னு எதிர்பாக்கலியே மேடம்" என்றார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "நான் பம்ப்புக்குத்தான் வெக்கச் சொன்னேன். இன்ஜினுக்கு யாரு வெக்கச் சொன்னா? படிச்ச பொண்ணு, ஒரு யோசன வேணாம்?" என்றார்.

நான் சேகரைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்த்தார்.

ஜோசப் அண்ணன், டீசல் சொட்டுவது எப்போது நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வேறொரு முறையில், அன்றே நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்தார். அப்படியொரு முறை இருப்பது முந்தின நாளும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை. லாரி இப்போது நன்றாக ஓடுகிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குத் தண்ணீர் போகிறது, சில நாள் உண்டு, சில நாள் இல்லை. ரேணுகா மேடத்துக்கு நான் இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் நான் யாருக்கும் நிம்மதியாகப் பொட்டு வைத்ததில்லை. வளைகாப்பானாலும் சரி, நிச்சயதார்த்தமானாலும் சரி, நான் குங்குமச் சிமிழை எடுத்தால் போதும். "பாத்து வைம்மா, டைமிங் மாறிடும்!" என்று ஏதாவதொரு மூலையிலிருந்து குரல் வரும். பந்தல் குலுங்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நான் பொட்டு வைத்தபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டு லாரி மாதிரி இருமிக் காட்டினார். அதுவரை அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கவேண்டிய கதைதான். ஆனால் சொல்லச் சொல்லக் கதை தேய்ந்துகொண்டே வருகிறது. முதலில் அண்ணியின் 'ம்' போனது. அடுத்து மஞ்சத்தண்ணி யோசனையே போனது. அப்புறம் ஜோசப் அண்ணனின் அவசரமும் போன் மணியும் போயின. நல்லாப் பாருங்கள் என்று நான் சொன்னது ஒருநாளும் கதைக்குள் வந்ததே இல்லை. அந்த ஆர்டரை வாங்கியவள் யார் என்பதும் வந்ததில்லை. இப்போது மிச்சமிருப்பது ஒரு லாரி, ஒரு பொட்டு, ஒரு முட்டாள் பெண்.

போன வாரம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். யாழினிக்கு இப்போது நன்றாகப் பேச்சு வருகிறது. யாரும் கேட்காமலேயே நடுக்கூடத்தில் நின்று கதையைத் தொடங்கினாள். "எங்க அம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்பதுதான் முதல் வரி. பிறகு முந்தானையை இழுத்துச் செருகுவது மாதிரி செருகி, நாக்கைக் கடித்துக்கொண்டு, காற்றில் பொட்டு வைத்துக் காட்டினாள். அப்படியே நான்தான். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சேகர் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

அவளை உட்கார வைத்து நடந்ததை நடந்தபடி சொல்லலாமா? சொன்னால், அப்பாவையும் அத்தையையும் பற்றிக் குழந்தை மனதில் ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், அந்த முதல் வரியையே அவள் நம்பி வளர்ந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இதை வாசிக்கும் அம்மாக்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி விருந்தாளிகள் வருகிறார்கள். அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.